பொருள்: ‘பிரிவலன்ஸ்’ – நோய்ப்பரவல் என்பது பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்காக இடுப்புவலி வினாப்படிவம் ஒன்றும், தலசீமியா, அரிவாள் செல் சோகை என்ற மரபுவழி ரத்தக் கோளாறுகள் பற்றிய துண்டறிக்கை ஒன்றும் தமிழில் தயாராகின்றன. இரண்டிலும் ‘பிரிவலன்ஸ்’ வருகிறது, அதாவது ஒரு கூட்டத்தில் எத்தனை பங்குப் பேருக்கு ஒரு நோய் இருக்கிறது என்ற கணக்கு. வழக்கம்போல ‘நோய்ப்பரவல்’ என்று போட்டுவிடலாம்தான். டெங்குவுக்கு அது சரி. ஆனால் பக்கத்து வகுப்பு டீச்சரின் இடுப்புவலி யாருக்கும் தொற்றாது. தலசீமியா தாய் தகப்பன் வழி மரபணுவில் வருவது. ‘தலசீமியா பரவல்’ என்று அச்சில் பார்க்கும் பெற்றோர், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் தம் பிள்ளையை உட்கார வைக்க யோசிப்பார்கள்.

இன்னொன்று. ரத்தம் ஏற்றுவதும், அதனால் உடம்பில் சேரும் இரும்பை மருந்து கொடுத்து வெளியேற்றுவதும் ஒழுங்காக நடந்தால் தலசீமியா பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். அப்போது புதிதாக ஒரு பிறப்புகூடக் கூடாமலே பிரிவலன்ஸ் ஏறும். அது நல்ல சேதி. ‘பரவல் அதிகரிப்பு’ என்று எழுதினால் கொள்ளைநோய்ச் சேதியாகிவிடும்.

என் முன்மொழிவு: பிரிவலன்ஸ் – நோயிருப்பு வீதம், இன்சிடன்ஸ் (ஒரு காலத்துக்குள் புதிதாக நோய் வந்தோர் கணக்கு) – புதுநோய் வீதம்.

——

> பிரிவலன்ஸ் – நோயிருப்பு வீதம்

ஐயா, ‘பரவல்’ போகட்டும், சரி. ‘வீதம்’ இடிக்கிறது. வீதம் என்றால் அதற்குள் காலம் இருக்க வேண்டும்: ஆண்டுக்கு இத்தனை, மாதத்துக்கு இத்தனை என்று. பிரிவலன்ஸ் வெறும் பங்கு.

ஒரு கணக்குக்கு 60 ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் முதல் நாள் 12 பேருக்கு வலி. மீதி 48 பேரில் அடுத்த ஓராண்டில் 6 பேருக்குப் புதிதாக வந்தது. முதல் நாள் பிரிவலன்ஸ் 12/60, அதாவது 20 விழுக்காடு. ஓராண்டுப் பிரிவலன்ஸ் 18/60, அதாவது 30. புதுநோய்க்கு மட்டும் கீழ் எண் 60 அல்ல, 48. ஏற்கெனவே வலி உள்ளவருக்குப் ‘புதிதாக’ வர முடியாது. 6/48, ஆண்டுக்கு 12.5. அறிக்கைகளில் அதிகம் தவறுவது இந்தக் கீழ் எண்தான்.

‘இருப்பு’ என்பதும் கிட்டங்கிச் சரக்கு மாதிரி ஒலிக்கிறது. ‘நோயுற்றோர் பங்கு’ என்றாலென்ன?

——

> நோயுற்றோர் பங்கு

இடுப்புவலிக்கு நிற்கும். ரத்தக் கோளாற்றுக்கு நிற்காது. தலசீமியாவின் ஒரு வகையான பீட்டா தலசீமியாவின் மரபணு ஒன்றே ஒன்று மட்டும் உள்ளவர் நோயுற்றவர் அல்லர். பெரும்பாலும் லேசான சோகையோடு, அது தெரியாமலே வேலை பார்த்துக்கொண்டிருப்பார். துண்டறிக்கை தேடுவது அவரைத்தான். ஏனெனில் இருவருமே அப்படி இருந்து மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் 25 விழுக்காடு கடும் நோய் வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று கணக்குப் போடக்கூடாது.

அவரைக் ‘கடத்தி’ என்பது மின்கம்பிக்கு. ‘நோய்க்காவி’ கொசுவுக்கு. ‘மரபணு உடையவர்’ போதும். ஆகவே ‘உடையோர் பங்கு’ என்று வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும்: இடுப்புவலி உடையோர் பங்கு, தலசீமியா மரபணு உடையோர் பங்கு.

பிறவிக் கோளாறுகளுக்கு இன்சிடன்ஸ் சொல்லே வேண்டாம். இன்னொரு வகையான ஆல்ஃபா தலசீமியாவின் மிகக் கடும் வடிவில் கரு பெரும்பாலும் வயிற்றிலேயே இறந்துபோகிறது. பிறந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு ‘புதுநோய்’ என்பது பிசகு. ‘பிறப்பில் உடையோர் பங்கு’ என்க.

அளவீட்டையும் கவனிக்க. எச்பிஎல்சி என்ற ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2 பொதுவாக 3.5 விழுக்காட்டைத் தாண்டினால்தான் பீட்டா தலசீமியா மரபணு உடையவர் என்கிறோம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஏ2 இறங்கி, உடையவர் கணக்கிலிருந்து நழுவிவிடுவார். கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் கொடுத்தவரின் ஹீமோகுளோபினும் கலந்து வரும். இந்த இரண்டு கேள்வியும் படிவத்தில் இல்லாவிட்டால் எந்தச் சொல்லைப் போட்டும் பயனில்லை.

——

> இடுப்புவலி உடையோர் பங்கு

‘உடையோர் பங்கு’ எனக்கும் சம்மதம். ஆனால் ‘இடுப்பு’ என்ற சொல்லே இங்கே பெரிய வம்பு. 1987-இல் வெளியான, உடல்வலியைக் கேட்டறியும் நார்டிக் வினாப்படிவம் உடம்பை ஒன்பது பகுதியாகப் பிரிக்கிறது. அதில் கீழ்முதுகு ஒன்று, இடுப்பெலும்பு–தொடை இன்னொன்று. மதுரைப் பக்கம் இரண்டுமே இடுப்புதான். ‘முதுகு வலிக்கிறதா’ என்றால் தோள்பட்டைக்குக் கீழே தடவிவிட்டு இல்லை என்பார்கள். ‘கீழ்முதுகு’ என்றால் எது என்று திருப்பிக் கேட்பார்கள். மாதவிடாய் நாள் வலியும் பிரசவ வலியும்கூட இடுப்புவலியே.

ஆகவே பின்பக்க உருவப்படம் அச்சிட்டு, கடைசி விலாவிலிருந்து பிட்ட மடிப்பு வரை சாயம் தீட்டி, ‘படத்தில் காட்டிய இடத்தில் வலி உண்டா? மாதவிடாய், காய்ச்சலோடு வருவதைச் சேர்க்க வேண்டாம்’ என்று கேட்க வேண்டும். பிறகு 12 மாதம், 7 நாள் இரண்டும் தனித்தனியே. வேலைக்குத் தடையானதா என்பது மூன்றாவது. கோடை விடுமுறை முடிந்த வாரத்தில் 7 நாள் கேள்வியைக் கேட்காதீர்கள்: கரும்பலகை முன் நின்றதும் இல்லை, குனிந்து நோட்டுத் திருத்தியதும் இல்லை, எண் குறைவாகவே வரும்.

அட்டவணைத் தலைப்புகள்: ‘7 நாளில் உடையோர் பங்கு’, ‘12 மாதத்தில் உடையோர் பங்கு’, ‘புதுநோய் வீதம் (ஆண்டுக்கு)’. காலம் குறிக்காத ‘உடையோர் பங்கு’ எந்த அட்டவணையிலும் வேண்டாம். தலசீமியாவுக்கு மட்டும் விலக்கு, மரபணு மாறப்போவதில்லை.