அலுவலகக் கணினியின் முன் அமர்ந்தால் முகம் எரிகிறது, தலை கனக்கிறது: மின்காந்த அலைகள்தான் காரணமா?

கேள்வி: மடிவாளா, கணக்குப் பிரிவு ஊழியர்

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தைச் சேர்ந்தவள். பெங்களூருவுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வெளிவட்டச் சாலையில் பெள்ளந்தூருக்கு அருகிலுள்ள ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்குகளைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாவது கணினியின் முன் இருந்தாக வேண்டும். மாதக் கடைசி வாரத்தில் அது பத்து, பதினொரு மணி நேரமாகிவிடும்.

கடந்த ஜூன் மாதம் எங்கள் தளத்தில் இருக்கைகளை மாற்றி அமைத்தார்கள். என் புதிய இடத்துக்கு நேர் மேலே கூரையில் வைஃபை பெட்டி இருக்கிறது. முதுகுப் பக்கத்துச் சுவருக்கு அப்பால் யுபிஎஸ் அறை. அங்கே அமரத் தொடங்கிய இரண்டாவது வாரத்திலிருந்து, காலை பத்தரை மணி ஆவதற்குள் இரு கன்னங்களும் நெடுநேரம் வெயிலில் நின்றதைப் போல எரிகின்றன, நெற்றி கனக்கிறது, மடிக்கணினியின் உலோகப் பரப்பில் மணிக்கட்டை வைத்தால் எறும்பு ஊர்வதைப் போலச் சுறுசுறுவென்று ஓர் உணர்ச்சி ஏற்படுகிறது. மாலையில் பேருந்தில் ஏறும்போது பேசுவதற்கே தெம்பு இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இவற்றில் எதுவும் இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்த ஐந்து நாட்களும் நன்றாகவே இருந்தேன்.

இணையத்தில் தேடியபோது, வைஃபை, கைப்பேசி போன்றவற்றின் அலைகளால் உடல் நோகிறது என்று சிலர் சொல்லும் மின்காந்த மிகையுணர்வு என்ற ஒன்றைப் பற்றிப் படித்தேன். அதில் சொல்லப்பட்ட அறிகுறிகள் ஏறக்குறைய அனைத்தும் எனக்குப் பொருந்தின. அன்று முதல் கைப்பேசியைச் சமையலறையில் வைத்துவிட்டுத்தான் உறங்குகிறேன். இடத்தை மாற்றித் தருமாறு மேலாளரிடம் கேட்டபோது, "இது வெறும் மனப்பிரமை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வலியைக் காட்டிலும் அந்தச் சொல்தான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது.

இப்படிப்பட்ட தொல்லையுடன் கணினி வேலையைத் தொடர்ந்து செய்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தோழியின் அடுக்குமாடிக் குடியிருப்பில் கடை போட்டிருந்த ஒருவர், கதிர்வீச்சைத் தடுக்கும் சில்லு என்று ஒன்றை 1,800 ரூபாய்க்கு விற்கிறார், அதை வாங்கலாமா? வேலையை விடும் நிலையில் நான் இல்லை. தம்பியின் படிப்பு என் சம்பளத்தில்தான் நடக்கிறது.

மறுமொழி: எச்.ஏ.எல். பகுதி, மென்பொருள் சோதனையாளர்

சகோதரி, உங்கள் மேலாளர் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தப் பிரச்சினை குறித்து 2005 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையே, இந்த அறிகுறிகள் உண்மையானவை, சிலருடைய அன்றாட வாழ்வை முடக்கும் அளவுக்குக் கடுமையாகவும் இருக்கலாம் என்றுதான் சொல்கிறது. அதே அறிக்கை, அந்த அறிகுறிகளை மின்காந்தப் புலத்தோடு இணைப்பதற்கு அறிவியல் அடிப்படை கிடைக்கவில்லை என்றும் சொல்கிறது. இந்த இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு வந்தது வலப்பக்கப் பொட்டில் தலைவலியும், காதில் ஓயாத இரைச்சலும். வீட்டில் வைஃபை பெட்டியை அணைத்தால் குறைவதாகவும், போட்டால் கூடுவதாகவும் உறுதியாக நம்பினேன். கடைசியில் என் கணவர் ஒரு யோசனை சொன்னார். பெட்டியை வேறு அறையில் வைத்து, அதன் விளக்குகளைத் துணியால் மூடி, தினமும் மாலையில் இரண்டு முறை நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, தலை விழுந்தால் போடுவார், பூ விழுந்தால் அணைப்பார். கைப்பேசிகளையும் அணைத்துவிடுவோம். அரை மணி நேரம் கழித்து, பெட்டி ஓடுகிறதா இல்லையா என்பதை நான் என் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அவர் தம்முடையதில் எழுதி வைத்துக்கொள்வார். பத்து நாட்கள் முடியும் வரை இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்பது நிபந்தனை. இருபது முறைகளில் நான் சரியாகச் சொன்னது ஒன்பது முறை. பெட்டி அணைந்திருந்த ஒரு மாலையில் எனக்குத் தலைவலி அதிகமாகி வாந்தியே வந்திருந்தது. அந்த வாந்தி பொய்யல்ல; அதற்கு நான் கற்பித்த காரணம்தான் தவறு.

ஆய்வுக்கூடங்களிலும் இதே முறையில்தான் சோதித்திருக்கிறார்கள். சோதிக்கப்படுபவருக்கும், பலவற்றில் சோதிப்பவருக்கும், அலை வீசுகிறதா இல்லையா என்பது தெரியாதபடி நடந்த 31 பரிசோதனைகளை, அதாவது 725 பேரின் முடிவுகளை, லண்டன் ஆய்வாளர்கள் 2005-ல் தொகுத்தார்கள். 2010-ல் அது 46 பரிசோதனைகள், 1,175 பேர் என விரிந்தது. மிகையுணர்வு உள்ளதாகச் சொன்னவர்களால் புலம் இருப்பதை மற்றவர்களைவிடச் சிறப்பாகக் கண்டறிய முடிந்தது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை. ஆனால், அலை வீசுகிறது என்று நினைத்த நேரங்களில் அவர்களுக்கு வலி வந்தது. அச்சமே உடலில் வலியாக வெளிப்படும் என்பது பலவீனத்தின் அடையாளம் அல்ல. உங்களைப் போல ஐந்து மாதங்கள் ஓர் இருக்கையை அஞ்சியபடி அமர்ந்திருக்கும் யாருடைய உடலும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

நான் இழந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. காரணம் தெரிந்துவிட்டது என்று நினைத்ததால் மருத்துவரிடமே போகவில்லை. பிறகு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தபோது ஒற்றைத் தலைவலி என்றும், இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகவும் குறைவு என்றும் தெரிந்தது. நான் சைவ உணவு உண்பவள். நம்மில் பலருக்கு இந்தக் குறைபாடு உண்டு, அது கை கால்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சியையும் தரும். நீங்களும் தைராய்டு, இரும்புச்சத்து, பி12, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மடிவாளாவிலிருந்து ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை உங்களுக்கு அருகில்தான். அங்கே நரம்பியல் புறநோயாளர் பிரிவு இருக்கிறது.

அந்தச் சில்லை வாங்கவே வாங்காதீர்கள். கைப்பேசியின் அலையை ஏதேனும் ஒன்று உண்மையிலேயே மறைக்குமானால், கோபுரத்தை எட்டுவதற்காகக் கைப்பேசி தன் ஆற்றலை மேலும் கூட்டத்தான் செய்யும். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம், ஐந்தாம் தலைமுறை (5ஜி) அலைகளிலிருந்து காப்பதாகக் கூறி விற்கப்பட்ட பதக்கம், கைப்பட்டை முதலான பத்துப் பொருட்களைப் பரிசோதித்து, அவை கதிரியக்கம் உடையவை என்று கண்டு எச்சரித்தது. பாதுகாப்புக்காக வாங்கியதையே நெஞ்சில் அணிந்துகொண்டு தீங்கைத் தேடிக்கொண்டவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது.

மறுமொழி: இந்திராநகர், ஓய்வுபெற்ற மின்பொறியாளர்

அம்மா, உங்கள் கடிதத்தில் எல்லோரும் தாண்டிப் போகக்கூடிய ஒரு செய்தியை நான் பிடித்துக்கொள்கிறேன். மடிக்கணினியின் உலோகப் பரப்பில் மணிக்கட்டை வைத்தால் சுறுசுறுக்கிறது என்கிறீர்கள். அது அலையும் அல்ல, பிரமையும் அல்ல. பெரும்பாலும் எர்த் இல்லாததால் வருவது. அடாப்டருக்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறு மின்தேக்கிகள் இருக்கும்; அவற்றின் வழியாக மிகச் சிறிய அளவில் மின்சாரம் கணினியின் உடலுக்கு வரும். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் தோல் வழியே போகும். அளவு ஒரு மில்லியாம்பியரில் சிறு பகுதிதான் என்றாலும், மெல்லிய தோலுள்ள மணிக்கட்டின் உட்புறத்துக்கு அது நன்றாகவே தெரியும். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு மின்கலத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். உணர்ச்சி உடனே நின்றுவிட்டால், அலுவலக எலக்ட்ரீஷியனை அழைத்து உங்கள் மேசைக்கு அடியிலுள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். இதை நீங்களே செய்ய முயல வேண்டாம்.

முகம் எரிவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990-களில் இந்த ஊரில் எங்கள் அலுவலகத்துக்குக் குழாய்த் திரைக் கணினிகள் வந்தபோது, திரைக்கு முன்னால் ஒரு கண்ணாடி வடிகட்டியை மாட்டி, அதிலிருந்து தொங்கும் கம்பியை எர்த்தோடு இணைப்போம். அந்தத் திரைகளின் நிலைமின்னூட்டம் தூசியை இழுக்கும். ஸ்வீடனிலும் நார்வேயிலும் 1980-களில் திரை முன் வேலை செய்தவர்கள் கன்னங்கள் சிவந்து எரிவதாகச் சொன்ன பிறகே, குறைந்த கசிவுள்ள திரைகளுக்கான ஸ்வீடன் தர அளவுகள் வந்தன. இன்றைய தட்டைத் திரையில் அந்தக் குழாயே இல்லை. ஆகையால் உங்கள் கன்னத்தில் நேராகக் குளிர்காற்று அடிக்கிறதா என்று பாருங்கள். ஏசியின் வறண்ட காற்றும், இமைக்க மறந்த கண்ணும் சேர்ந்தால் இந்த எரிச்சல் வரும். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறையாவது இமைக்கும் கண், எண்களைச் சரிபார்க்கும்போது ஐந்தாறு முறையே இமைக்கிறது.

பிறகு விளக்கு. பழைய சோக் வைத்த டியூப் லைட்டும், மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 முறை மின்னி மறையும். கண்ணுக்குத் தெரியாது, தலைக்குத் தெரியும். பிரிட்டனில் ஓர் அலுவலகத்தில் செய்து 1989-ல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண சோக்கை எடுத்துவிட்டு உயர் அதிர்வெண் கொண்டதைப் போட்டதும் தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே குறைந்தன. சில திரைகளும் வெளிச்சத்தைக் குறைத்தால் துடிக்கும். திரைக்கு முன் ஒரு பேனாவை வேகமாக ஆட்டிப் பாருங்கள். விசிறி மடிப்பு போலத் தனித்தனி நிழல்கள் தெரிந்தால் துடிக்கிறது என்று பொருள். அப்போது திரையின் வெளிச்சத்தை முழுமைக்கு அருகில் வைத்துவிட்டு, நிறங்களின் அமைப்பில் மங்கலாக்கிக்கொள்ளுங்கள்.

வைஃபை பெட்டியைப் பற்றிக் கணக்காகவே சொல்கிறேன். கணக்குப் பார்ப்பவர் நீங்கள். 0.1 வாட் ஆற்றல் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதாகக் கொண்டால், இரண்டு மீட்டர் தொலைவில் ஒரு சதுர மீட்டருக்கு 2 மில்லிவாட் விழும். கைப்பேசிக் கோபுரங்களுக்கான வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காக நம் அரசு 2012 செப்டம்பர் 1 முதல் குறைத்தபோது, இந்த அலைவரிசைக்கு வைத்தது சதுர மீட்டருக்கு 1,000 மில்லிவாட். யுபிஎஸ் அறையின் காந்தப்புலம் தொலைவு கூடக்கூட இதைவிட வேகமாகக் குறையும். ஒன்றிரண்டு மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) இருந்தாலே பழைய குழாய்த் திரையில் எழுத்துகள் ஆடும். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்போ 200 மைக்ரோடெஸ்லா.

மறுமொழி: ஜெயநகர், நூல் திருத்துநர்

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன்; ஆயினும் முழுமையாக உடன்படவில்லை. என் உடலுக்கு இந்த அலைகள் ஒத்துக்கொள்வதில்லை என்றே பதினோரு ஆண்டு அனுபவத்தில் கருதுகிறேன். அரை மணி நேரச் சோதனை, ஆண்டுக்கணக்கில் நேர்வதைக் காட்டிவிடுமா? எஸ்.பி. சாலையில் நீளமான லேன் கம்பி ஒன்றை வாங்கி, வைஃபையை அணைத்துவிட்டு வேலை செய்கிறேன்; கைப்பேசியைக் காதில் வைக்காமல் கம்பி வைத்த காதணியில் பேசுகிறேன்; தனி விசைப்பலகை வைத்துத் திரையை ஒரு கை நீளத்துக்கு அப்பால் தள்ளிவிட்டேன். நிம்மதியாக இருக்கிறேன். காரணம் எதுவாயினும் இவற்றால் யாருக்கும் கேடில்லையே.

மறுமொழி: எச்.ஏ.எல். பகுதி, மென்பொருள் சோதனையாளர்

ஐயா, நீண்டகாலப் பாதிப்பைக் குறுகிய சோதனை சொல்லாது என்பது சரி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ரேடியோ அலைகளைப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள காரணிகளின் 2பி பிரிவில் 2011-ல் வைத்ததும் அந்த ஐயத்தால்தான். ஆனால் இந்தச் சகோதரி சொல்வது, அமர்ந்த சில மணி நேரத்தில் வரும் எரிச்சல். அதைச் சில மணி நேரச் சோதனையால் அறிய முடியும். நீங்கள் சொன்ன கம்பியும் விசைப்பலகையும் நல்லவைதாம், கழுத்துக்கும் நல்லவை. விலகுவது வளர்ந்துகொண்டே போவதுதான் எனக்கு அச்சம் தருகிறது. நான் முதலில் வைஃபையை விட்டேன், பிறகு மெட்ரோ ரயிலை விட்டேன், பிறகு அக்கா வீட்டுக்குப் போவதையும் விட்டேன். அந்த அச்சத்தைக் குறைத்தது மனநல ஆலோசகரிடம் பெற்ற, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை. இந்தத் தொல்லைக்குச் சோதித்துப் பார்த்த சிகிச்சைகளில் ஓரளவு பலன் தெரிந்ததும் அதற்குத்தான்.

சகோதரிக்கு இன்னொன்று: நிறுவனத்துக்கு எழுதும்போது மின்காந்தம் என்ற சொல்லையே தவிர்த்து, எத்தனை மணிக்கு என்ன வலி வருகிறது என்பதையும், எர்த் சோதனை, விளக்கு மாற்றம், ஏசி காற்றின் திசை, தனி விசைப்பலகை என வேண்டியவற்றையும் எழுதுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் இந்த மிகையுணர்வு இல்லை. கண் வறட்சிக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ மருத்துவர் தரும் சான்றுதான் மனிதவளப் பிரிவில் எடுபடும்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பிறகு

ஐயா சொன்னபடியே மின்கலத்தில் ஓட்டியபோது சுறுசுறுவென்ற உணர்ச்சி நின்றது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்ததில், என் மேசைக்கு அடியிலுள்ள பாக்ஸில் எர்த் கம்பி இணைக்கப்படவே இல்லை; அதே வரிசையில் இன்னும் நான்கு மேசைகளிலும் அப்படியே. சரிசெய்த நாளிலிருந்து மணிக்கட்டில் எதுவும் இல்லை. ஏசியின் காற்றைத் திருப்பிவிட்டார்கள். கன்ன எரிச்சல் பெருமளவு குறைந்திருக்கிறது. கண் மருத்துவர் வறட்சிக்குச் சொட்டு மருந்து தந்திருக்கிறார். நெற்றிக் கனம் மட்டும் வாரத்தில் மூன்று நாட்கள் வருகிறது; விளக்கை இன்னும் மாற்றவில்லை, இரத்தப் பரிசோதனையின் முடிவும் வர வேண்டும். வைஃபை பெட்டி அதே இடத்தில்தான் இருக்கிறது. நாணயச் சோதனையைத் தோழியின் உதவியோடு செய்யலாம் என்றிருக்கிறேன். ஆனால் முடிவு என்னவாகுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

மறுமொழி: எச்.ஏ.எல். பகுதி, மென்பொருள் சோதனையாளர்

தயங்குவது இயல்புதான் சகோதரி, எனக்கும் கை நடுங்கியது. ஆனால் மாதக் கடைசி வாரத்தில் தொடங்க வேண்டாம்; தூக்கம் கெட்ட நாட்களில் எல்லாமே வலிக்கும். ஐந்தாம் தேதிக்குப் பிறகு, சம்பளமெல்லாம் போய்ச் சேர்ந்ததும் தொடங்குங்கள். பெட்டியின் விளக்கை மூடும் துணி கறுப்பாக இருக்கட்டும். எங்கள் முதல் துணியின் வழியே வெளிச்சம் தெரிந்துவிட்டதால் முதல் நாள் கணக்கைக் கிழித்துப்போட வேண்டியதாயிற்று.