சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்: எனாமல் கம்பியில் ‘ஒருபடித்தான பொருள்’

மொழியாக்கி (கோவை), செவ்வாய் காலை

குழுவினருக்கு வணக்கம்.

மோட்டார் பம்பு செய்யும் நிறுவனம் ஒன்றுக்காக நாலு பக்க உறுதிமொழிப் படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பம்பு ஐரோப்பாவுக்குப் போகிறது. மின்சாதனங்களில் தீங்குப்பொருள் இவ்வளவுதான் இருக்கலாம் என்று அங்கே 2006 ஜூலையிலிருந்து ஒரு கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறது. பட்டறைகளில் ‘ரோஸ் (RoHS) சர்ட்டிபிகேட்’ என்பார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் காயில் சுற்றித் தரும் சின்னப் பட்டறைக்காரர்கள். இங்கிலீஷில் கொடுத்தால் படிக்காமலே போட்டுத் தந்துவிடுகிறார்கள் என்பதால்தான் தமிழ்.

மற்றதெல்லாம் முடிந்தது. ஈயம், பாதரசம், ஆறிணைதிற குரோமியம், தீத்தடுப்புக்காகச் சேர்க்கும் புரோமின் சேர்மங்கள் இரண்டு வகை, 2019 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் நாலு: ஒவ்வொன்றும் 0.1 சதவீதம் வரை. காட்மியம் மட்டும் 0.01. சிக்கல் ‘எதில் 0.1 சதவீதம்’ என்பதில். மோட்டாரின் எடையிலும் இல்லை, கம்பியின் எடையிலும் இல்லை. காயிலுக்குச் சுற்றும் கம்பியில் மேலே பூசிய எனாமலைத் தனியாக, உள்ளே இருக்கும் செம்பைத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். அப்படித் தனித்தனியாகப் பார்க்க வேண்டிய ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் ‘ஹோமோஜீனியஸ் மெட்டீரியல்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. நம் பாடநூல் வழியில் ‘ஒருபடித்தான பொருள்’ என்று போட்டேன். கோவையில் கணபதி பக்கம் ஒரு வைண்டிங் கடையில் காட்டினால், அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “ஒரு... படித்தான்... யாரும்மா படிச்சான்?” என்கிறார்.

வெள்ளி மதியம் அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.

பதம்பிரிப்போன், செவ்வாய் மதியம்

அம்மா, விடை நம் இலக்கணத்திலேயே காத்திருக்கிறது. பிரித்தால் பொருள் தரும் சொல் பகுபதம், பிரிக்க முடியாதது பகாப்பதம். எனவே பகாப்பொருள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் பகா எண் தெரியும். கம்பி பகுபொருள்; எனாமலும் செம்பும் பகாப்பொருள்கள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே வல்லினம் மிகும். அந்த ‘ப்’பை அச்சகத்தான் விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகு என்னும் வேரின் அருமையைப் பாருங்கள். பகுதி, பகிர்வு, பங்கு, பாதி. பாத்தூண் என்பதில் உள்ள பாத்து, பகுத்துதான். ஒன்றாய் இருந்தவர் பிரிந்தால் பகை. நாளை இரண்டாகப் பகுப்பது பகல்; நுகத்தடியின் நடுவில் நிற்பது பகலாணி. பகவன் என்பதும்...

குடுவை, செவ்வாய் மதியம்

> பகவன் என்பதும்...

வேண்டாம் ஐயா. போன வருடம் பகவனில் தொடங்கி நாற்பது மடல் போய் இரண்டு பேர் குழுவை விட்டே விலகினார்கள்.

வைண்டிங் வாத்தியார், செவ்வாய் இரவு

பாகற்காயை விட்டுவிட்டீர்களே ஐயா!

நான் பாலிடெக்னிக்கில் மோட்டார் வைண்டிங் சொல்லித் தருகிறேன். பகாப்பொருள் என்று கரும்பலகையில் எழுதினால் கடைசி பெஞ்சிலிருந்து “பகாசுரன் சாப்பிடுற பொருளா சார்?” என்று வரும். வராவிட்டால் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

அதை விடுங்கள். மொழியாக்கி அம்மா, உங்கள் பட்டியலின் முதல் சொல்லே பட்டறையைக் கவிழ்த்துவிடும். ‘ஈயம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு ஈயம் என்றால் பற்றவைக்கிற ஈயம். கம்பி முனையைச் சுரண்டி ஈயச்சட்டியில் முக்கி எடுக்காமல் இணைப்பே கிடையாது. “ஈயம் 0.1 சதவீதத்துக்கு மேல் இல்லை” என்று கையெழுத்துக் கேட்டால், யோக்கியமான பட்டறைக்காரர் போட மாட்டார். மற்றவர் போட்டுவிட்டுப் பழைய ஈயத்தையே வைத்துச் சுடுவார்.

குடுவை, புதன் காலை

வாத்தியார் சொல்வது நூற்றுக்கு நூறு. வீட்டில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, அதுவும் வெள்ளீயம். சட்டம் தடுப்பது காரீயத்தை. பழைய பற்றாசில் (வாத்தியார் சொல்லும் பற்றவைக்கிற ஈயம்) நூற்றுக்கு 60 வெள்ளீயம், 40 காரீயம். இப்போதைய காரீயம் தவிர்த்த பற்றாசு ஒன்றில் 96.5 வெள்ளீயம், 3 வெள்ளி, 0.5 செம்பு. இரண்டுக்கும் தமிழில் ஒரே ‘ஈயம்’ என்றால் சட்டம் எதைக் கேட்கிறது என்று பட்டறைக்கு எப்படித் தெரியும்? ரசச்சொம்பைப் போய்த் தூக்கி எறிவார்கள்.

‘காரீயம்’ என்றே எழுதுங்கள். ‘காரீயமற்ற’ என்றும் எழுதாதீர்கள். சட்டம் அறவே கூடாது என்று சொல்லவில்லை, வரம்புதான் வைக்கிறது.

வைண்டிங் வாத்தியார், புதன் காலை

இங்கிலீஷ் மட்டும் ஒழுங்கா? மோட்டாரிலிருந்து வெளியே வரும் ஒயருக்கு லீட், காரீயத்துக்கு லெட், எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. ஒரு பையன் தேர்வில் லீட் ஒயர் இல்லாத மோட்டாரைப் படம் போட்டு, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எழுதியிருந்தான். அரை மார்க் போட்டேன்.

மொழியாக்கி (கோவை), புதன் காலை

அடடா. காரீயம் என்று மாற்றிவிட்டேன். பெரிய விபத்திலிருந்து தப்பினேன், நன்றி. ஆனால் நான் கேட்ட சொல் இன்னும் வரவில்லை.

வடமராட்சியான், புதன் மதியம்

எங்களிடம் சொல் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் ஏகவினக் கலவை, பல்லினக் கலவை என்றுதான் படித்தோம். ஏகவினப் பொருள் என்று வைத்தால் கரைச்சல் இல்லை. ஆறிணைதிறம் என்று நீங்கள் எழுதியதையும் நாங்கள் வலுவளவு என்ற சொல்லைக்கொண்டுதான் சொல்லுவம்.

பதம்பிரிப்போன், புதன் மதியம்

ஏகம் தமிழா? ஒன்று என்னும் நம் எண்ணுப்பெயர் என்ன பாவம் செய்தது?

வடமராட்சியான், புதன் மதியம்

ஐயா, எனாமலும் மோட்டாரும் பம்பும் எந்தச் சங்கத்திலே அரங்கேறின? ஏகம் மட்டும் உங்களுக்கு முள்ளாய்க் குத்துது.

குடுவை, புதன் மாலை

சண்டை பிறகு. முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 2011இல் திருத்தி எழுதிய ஐரோப்பியச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு வரையறையே இருக்கிறது. அதற்கு இரண்டு கை. முழுக்க ஒரே மாதிரியான பொருள் என்பது ஒன்று. பல பொருள் சேர்ந்திருந்தாலும் திருகிக் கழற்றுவது, வெட்டுவது, நசுக்குவது, அரைப்பது, தேய்ப்பது போன்ற இயந்திர வேலைகளால் பிரிக்க முடியாதது என்பது இன்னொன்று. பித்தளையை எவ்வளவு அராவினாலும் தூளும் பித்தளைதான். செம்பு தனியாக, துத்தநாகம் தனியாக வராது. ஆகவே பித்தளை ஒன்று. எனாமல் கம்பியைப் பிளேடால் சுரண்டினால் எனாமல் வந்துவிடும். ஆகவே கம்பி இரண்டு.

ஒருபடித்தான, ஏகவின இரண்டும் முதல் கையை மட்டும் பிடிக்கின்றன. பகாப்பொருள் இரண்டாம் கையைப் பிடிக்கிறது. அந்த வகையில் ஐயா சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது, பகவன் நீங்கலாக. இரண்டுக்கும் பொதுவாக ‘ஓரியல்பொருள்’ என்றால்?

வைண்டிங் வாத்தியார், புதன் இரவு

ஓரியலா? இயல், இசை, நாடகத்தில் ஒன்றா அம்மா?

ஏன் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு பாடு என்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 25 கேஜ் கம்பி, அரை மில்லிமீட்டர் தடிமன். எனாமலோடு 0.56 என்று வையுங்கள். ஒரு கிலோ கம்பியில் எனாமல் எடை 35 கிராம் அளவில்தான் இருக்கும், மீதி செம்பு. எனாமலில் ஒரு சதவீதம் காரீயம் இருக்கிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 35 கிராமில் 0.35 கிராம். எனாமலில் பார்த்தால் வரம்பைப் போல் பத்து மடங்கு. முழுக் கம்பியின் எடையில் வகுத்தால் 0.035 சதவீதம், ஜம்மென்று பாஸ்! செம்பின் கனம் குற்றத்தை மறைத்துவிடும்.

துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவியை நீட்டிப் பார்க்கிறார்களே, அதுவும் மெல்லிய எனாமலைத் தாண்டிச் செம்புக்குள் போய்விடும்; காட்டுகிற எண் இரண்டும் கலந்தது. தாலேட் அதற்குத் தெரியவே தெரியாது, ஆய்வுக்கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். எனாமல் கம்பிகூடப் பரவாயில்லை. நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றுகிற பிவிசி ஒயரில்தான் நான் பயப்படுவேன். பிவிசி வளைந்து கொடுக்கத் தாலேட், சூட்டில் கெடாமல் இருக்கக் காரீய உப்பு என்று போடும் வழக்கம் உண்டு. பட்டறைக்காரரிடம் நான் சொல்வது இதுதான்: “உரிச்சா எது தனியா வருதோ, அதுக்குத் தனிக் கணக்கு.”

ஆகவே என் சொல்: உரிபொருள்.

பதம்பிரிப்போன், வியாழன் காலை

வாத்தியாரே, உம் வாயில் சர்க்கரை! என்ன செய்தீர் என்று உமக்கே தெரியாது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள்! குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல். எனாமலும் செம்பும் கூடியிருப்பது குறிஞ்சி, பிளேடு வந்து பிரிப்பது பாலை. சுரண்டப்படும் வரை வார்னிஷ் சட்டியில் ஆற்றியிருப்பது முல்லை. உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் கீச்சொலி ஊடல், மருதம்...

குடுவை, வியாழன் காலை

ஈயச்சட்டியில் முங்கிப் புலம்புவது நெய்தல். ஐந்திணையும் முடிந்தது, வேலைக்கு வாருங்கள்.

வாத்தியாரின் உரிபொருள் வினைத்தொகை, அதில் ‘ப்’ வராது. ஐயாவின் உரிப்பொருளில் வரும். அம்மாவின் கணினியில் உள்ள பிழைதிருத்தி தானாக ஒரு ‘ப்’பைச் செருகினால், பட்டறைக்காரர் பாலைத்திணைக்குக் கையெழுத்துப் போட்டவர் ஆவார். தவிர, உரித்த பின் நிற்கும் செம்பு உரிபொருளா? அதற்கும் வரம்பு உண்டே.

வைண்டிங் வாத்தியார், வியாழன் மதியம்

சரி, வாபஸ். ‘தனிப்பொருள்’ என்று வைத்துவிடுங்கள். கம்பியில் இரண்டு தனிப்பொருள், எனாமல் ஒன்று, செம்பு ஒன்று. என் மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை.

குடுவை, வியாழன் மதியம்

கேள்வி கேட்காதது நல்லதா கெட்டதா தெரியவில்லை. தனிமம் என்ற சொல் பக்கத்திலேயே இருக்கிறது. எனாமலைத் தனிமம் என்று ஒருவர் நினைத்தால் நான் பொறுப்பல்ல.

வடமராட்சியான், வியாழன் மதியம்

தனிமத்துக்கு எங்களிடம் மூலகம். ஆகவே தனிப்பொருளால் எங்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. ஏகவினத்தை விட மனமில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை வருகுது. தனிப்பொருளுக்கே என் கை.

வைண்டிங் வாத்தியார், வியாழன் இரவு

இன்று வகுப்பில் ஒரு பெண் கேட்ட கேள்வியை இங்கே போடுகிறேன். சூடு தாங்குகிற நல்ல கம்பியில் எனாமலே இரண்டு அடுக்கு. உள்ளே பாலியெஸ்டர் இமைடு, மேலே பாலியமைடு இமைடு. அச்சு வழியாக இழுத்து, உலையில் சுட்டு, திரும்பத் திரும்பப் பல பூச்சு ஏற்றுவார்கள். அப்படியானால் கம்பியில் தனிப்பொருள் இரண்டா, மூன்றா?

பிளேடை வைத்துப் பார்த்தேன். இரண்டு அடுக்கும் ஒரே செதிலாக வருகிறது. உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் மேலடுக்கு மட்டும் போகும் என்கிறாள் அவள். போகலாம், ஆனால் எங்கே நிறுத்துவது என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்? தேய்ப்பதும் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது என்று குடுவை அம்மா சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது.

குடுவை, வெள்ளி காலை

நல்ல கேள்வி. ஏட்டின்படி மூன்று. கையில் வராததால் நடைமுறையில் இரண்டு என்று நான் சொல்வேன். ஆனால் அச்சில் போடத் துணியமாட்டேன். கம்பி செய்தவரிடம் ஒவ்வொரு பூச்சு வார்னிஷுக்கும் தனித்தனியாகச் சான்று கேட்டு வாங்கிவிட்டால் சுரண்டுகிற வேலையே வராது.

மொழியாக்கி (கோவை), வெள்ளி மதியம்

அச்சுக்கு அனுப்பிவிட்டேன். எப்படிப் போயிருக்கிறது என்றால்:

“இந்த வரம்பு மோட்டாரின் மொத்த எடைக்கோ கம்பியின் மொத்த எடைக்கோ அல்ல; ஒவ்வொரு தனிப்பொருளுக்கும். வெட்டியோ சுரண்டியோ தேய்த்தோ மேலும் வேறு பொருளாகப் பிரிக்க முடியாதது தனிப்பொருள். எடுத்துக்காட்டாக, எனாமல் கம்பியில் எனாமல் ஒரு தனிப்பொருள், செம்பு இன்னொன்று.”

எடுத்துக்காட்டு வரியை வாத்தியார் சொன்னபடி வைத்தேன். இரண்டு அடுக்குக் கேள்வியைத் தொடவில்லை, பூச்சுச் சான்றுக்கு மட்டும் படிவத்தில் ஒரு கட்டம் கூட்டினேன். காலையில் கணபதிக் கடைக்காரரிடம் படித்துக் காட்டினேன். “இதுக்கு எதுக்கும்மா பேரு, பிரிச்சுத் தனித்தனியா பாருன்னு சொன்னா போதாதா?” என்றார். படிவத்தில் அந்தச் சொல் பதினோரு இடத்தில் வருகிறது, ஒவ்வொரு தடவையும் அவ்வளவு நீளம் எழுத முடியாது என்றேன். தலையாட்டினார்.

மட்டுறுத்துநர், வெள்ளி மாலை

தனிப்பொருள் மூன்று, பகாப்பொருள் ஒன்று, ஓரியல்பொருள் ஒன்று என்று எண்ணியிருக்கிறேன். ஈயம், காரீயம் குறித்துத் தனி இழை தொடங்கலாம். பகவன் குறித்து வேண்டாம்.

வைண்டிங் வாத்தியார், வெள்ளி இரவு

ஐயா மௌனமாக இருக்கிறாரே. இலக்கணப்படி நீங்களே சொல்லுங்கள் ஐயா, அந்த இரண்டு அடுக்கு எனாமல் பகுமா, பகாதா?

பதம்பிரிப்போன், வெள்ளி இரவு

எனக்குத் தெரியாது. ஆனால் தனிப்பொருளுக்குக் கை தூக்கியவர், கேள்வி என்று வந்ததும் ‘பகுமா, பகாதா’ என்றுதான் கேட்கிறார். மட்டுறுத்துநர் இதையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளவும். பகாப்பொருள், இரண்டு.