சோக் லீவர் நிற்கவே மாட்டேங்குது, கையை விட்டா திரும்பி ஓடுது

கோத்தகிரி150

வண்டி 150 சிசி, 2012 மாடல், சி.வி. வகை கார்புரேட்டர் (காத்தையும் பெட்ரோலையும் கலக்கிற பாகம்), 61,000 கி.மீ. ஓடியிருக்கு. சோக் லீவர் ஹேண்டில்பாரில் இடது கைப்பக்கம், சுவிட்ச் பெட்டியை ஒட்டி இருக்கு.

காலையில் லீவரை முழுசா இழுத்தா ஒரே செல்ஃப்ல எடுக்குது. கட்டைவிரலை எடுத்ததும் லீவர் தானா ஆஃப் பக்கம் போயிடுது, பத்து எண்ணுறதுக்குள்ள இன்ஜின் நின்னுடுது. இப்போதைக்கு ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டுறேன்.

செஞ்சு பார்த்தது: சோக் கேபிள் புதுசு மாத்தியாச்சு. லீவர் இடுக்கில் டபிள்யூடி-40 அடிச்சேன், அதுக்கப்புறம் இன்னும் லூஸ். கடையில் ரெண்டு யோசனை சொல்றாங்க. ஒண்ணு, சுவிட்ச் செட்டை முழுசா மாத்துறது. இன்னொண்ணு, கார்புரேட்டர்ல இருக்கிற சோக் ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து வெட்டிடுறது. எது சரி?

எட்டாம்நம்பர்ஸ்பானர்

ரெண்டும் வேண்டாம். ஸ்பிரிங்கை வெட்டுற யோசனையை முதல்ல மறந்துடுங்க, ஏன்னு கீழே சொல்றேன்.

உங்க வண்டியில் சோக்னு நாம சொல்றது காத்தை அடைக்கிற தகடு இல்லை. கார்புரேட்டர் பக்கத்தில் சின்னதா ஒரு பித்தளை பிளஞ்சர் இருக்கும், அதன் அடியில் ரப்பர் முனை. லீவரை இழுத்தா கேபிள் அந்தப் பிளஞ்சரைத் தூக்கும், தனி வழியில் கூடுதல் பெட்ரோல் போகும். லீவரை விட்டா ஸ்பிரிங் பிளஞ்சரைக் கீழே தள்ளி அந்த வழியை மூடும். ஸ்பிரிங் எப்பவும் மூடுற பக்கம்தான் தள்ளிக்கிட்டே இருக்கும். அதை எதிர்த்து லீவரை இழுத்த இடத்தில் பிடிச்சு வைக்கிறது, லீவருக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற உராய்வு மட்டும்தான். அந்த இறுக்கம் போச்சுன்னா ஸ்பிரிங் ஜெயிச்சிடும்.

நீங்க அங்கே எண்ணெய் அடிச்சது மிச்சமிருந்த பிடிப்பையும் எடுத்துடுச்சு. புது கேபிளும் அப்படித்தான். பழைய கேபிள் உள்ளே துருப்பிடிச்சு இழுபறியா இருந்திருக்கும், அந்த இழுபறியில்தான் லீவர் இவ்வளவு நாள் நின்னிருக்கு. புதுசு வழுவழுன்னு ஓடுது, அதான் தேய்மானம் வெளியே தெரியுது.

ஸ்பிரிங்கை வெட்டினா லீவர் நிற்கும், பிளஞ்சர் முழுசா உட்காராது. சோக் எப்பவும் கால்வாசி திறந்தே இருக்கும். பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் இறங்கும், சூடான இன்ஜின் சிக்னல்ல நின்னா மறுபடி எடுக்க அடம் பிடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிடும். லீவர் லூஸா இருக்கிறதைவிட இது பெரிய கேடு.

செய்ய வேண்டியது இது. இன்ஜின் ஆறி இருக்கட்டும். இடது சுவிட்ச் பெட்டியைப் பிடிச்சிருக்கிற ரெண்டு ஸ்டார் ஸ்க்ரூவைக் கழட்டுங்க. பெரும்பாலும் ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. எது எந்த ஓட்டைன்னு போன்ல ஒரு படம் எடுத்துக்கோங்க. நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டு முறுக்கினா பிளாஸ்டிக் பிளந்துடும். பெட்டியை மெதுவா ரெண்டா பிரிங்க, வயரை இழுக்க வேண்டாம். ஒரு பாதிக்குள்ள சின்ன முளை இருக்கும், அது ஹேண்டில்பார் ஓட்டையில் உட்காரணும். திரும்ப மூடும்போது அது ஓட்டையில் விழுந்திருக்கான்னு பார்த்துட்டு முறுக்குங்க, இல்லேன்னா முளை உடைஞ்சு சுவிட்ச் பெட்டியே சுத்த ஆரம்பிச்சிடும்.

லீவரை வெளியே எடுத்து, கேபிள் முனையில் இருக்கிற உருண்டையைக் காடியிலிருந்து நழுவ விடுங்க. லீவர் உரசுற முகம், பெட்டியின் உள்முகம், ஹேண்டில்பார் குழாய் மூணையும் சர்ஜிகல் ஸ்பிரிட் நனைச்ச துணியால் துடைங்க. பெட்ரோல் வேண்டாம், சுவிட்சுக்குள்ள போனா அங்கே இருக்கிற கிரீஸையும் கழுவிடும். ரெண்டு மூணு துணி மாத்தணும், துணி கருப்பாகாம வர்ற வரைக்கும். நல்லா காய விட்டு சும்மா பொருத்திப் பாருங்க. இதிலேயே லீவர் நின்னுட்டா வேலை முடிஞ்சது.

ரெண்டுஸ்ட்ரோக்

இவ்வளவு வேலை எதுக்கு ப்ரோ? ஐடில் ஸ்க்ரூவை (ஆக்சிலரேட்டர் தொடாதப்போ இன்ஜின் வேகத்தை வைக்கிறது) அரை சுத்து கூட்டி வைங்க, சோக்கே வேண்டாம். ஸ்டார்ட் பண்ணும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினா போதும்.

எட்டாம்நம்பர்ஸ்பானர்

நண்பரே, ஐடில் ஸ்க்ரூ சூடான இன்ஜினுக்கு வைக்கிற அளவு. காலைக் குளிருக்காகக் கூட்டினா பத்து நிமிஷத்தில் இன்ஜின் சூடாகி ரேஸ் ஆகும், கியர் விழும்போது 'டங்'னு அடிக்கும். மலை இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கும் குறையும். கோத்தகிரியில் வண்டி ஓட்டுறவர்கிட்ட சொல்ற யோசனையா இது?

ரெண்டாவது சொன்னது இந்த மாதிரி சோக்குக்கு நேர் எதிர். பிளஞ்சர் வழியா பெட்ரோலை உறிஞ்சுறது, திராட்டில் (ஆக்சிலரேட்டர் திறக்கிற வால்வு) மூடியிருக்கும்போது இன்ஜின் பக்கம் உண்டாகிற வெற்றிடம். முறுக்கினா அந்த உறிஞ்சல் போயிடும், சோக் இருந்தும் இல்லாத மாதிரிதான். சோக் முழுசா, ஆக்சிலரேட்டர் தொடாம, செல்ஃப். எடுத்து ஓட ஆரம்பிச்ச பிறகு லீவரைப் பாதிக்கு இறக்கலாம். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்ததிலிருந்து பெரும்பாலான புது வண்டியில் கார்புரேட்டர் கிடையாது, அதனால இதைச் சொல்லித் தர ஆளும் குறைஞ்சிடுச்சு.

கோத்தகிரி150

திறந்து பார்த்தேன் அண்ணா. ஸ்பிரிட்ல மூணு தடவை துடைச்சாச்சு. இப்போ பாதி தூரத்தில் நிற்குது, முழுசா இழுத்தா மட்டும் மெதுவா ஊர்ந்து கீழே வருது. லீவர் வளையத்தின் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு தேஞ்சிருக்கு. நெளிஞ்ச மெல்லிசு வாஷர் ஒண்ணும் உள்ளே இருந்துச்சு, கிட்டத்தட்ட தட்டையா இருக்கு. இன்சுலேஷன் டேப் சுத்தலாமா?

எட்டாம்நம்பர்ஸ்பானர்

டேப் வேண்டாம் தம்பி. வெயிலில் பசை உருகி வழியும், ஒரு மாசத்தில் லீவர் பிசுபிசுன்னு ஒட்டிக்கும். அப்புறம் ஆஃப் பக்கமே போகாது.

நோய் அந்த வாஷர்லதான் இருக்கு. அது நெளிஞ்சு இருந்தாதான் லீவரைப் பெட்டியோட அழுத்தும். ரெண்டு மூக்குக் குறடு எடுத்து, பழைய நெளிவு இருந்த அதே இடத்தில் கொஞ்சம் கொஞ்சமா வளைங்க. சமதளத்தில் வைச்சா முக்கால் மில்லிமீட்டர் மேலே எழும்பி நின்னா போதும். அதிகமா வளைச்சா ஒடியும்.

அப்படியும் பத்தலைன்னா காலி சோடா பாட்டில் நடுப்பகுதியில் ஒரு துண்டு வெட்டுங்க. அந்தப் பிளாஸ்டிக் கால் மில்லிமீட்டர் சுமார்தான் இருக்கும், வழுக்கவும் செய்யாது, வெயிலுக்கும் தாங்கும். லீவரின் தேஞ்ச முகத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் போற மாதிரி வாஷர் வடிவத்தில் வெட்டி வைங்க. ஒண்ணு போதும். சைக்கிள் டியூப் ரப்பரை வைக்கிறவங்க உண்டு, அது தடிமன் அதிகம், லீவர் இறுகிடும்.

தேஞ்சு பளபளன்னு இருக்கிற முகத்தை 400 நம்பர் உப்புத்தாளில் நாலு தேய் தேயுங்க, வெள்ளையா மங்கினா சரி. அதுக்கு மேல தேய்ச்சா இடைவெளி கூடிடும்.

எவ்வளவு இறுக்கம் சரின்னு கேட்டா: கட்டைவிரலால் தள்ளினா சிரமமில்லாம நகரணும், எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கணும். ஆஃப் பக்கம் கடைசி வரைக்கும் தடையில்லாம போகணும், இதுதான் முக்கியம். லீவர் ஆஃப்ல இருக்கும்போது கேபிளில் 2 முதல் 3 மில்லிமீட்டர் தளர்வு இருக்கணும். கார்புரேட்டர் பக்கம் கேபிளின் வெளிக்கூட்டைப் பிடிச்சு மேலே தூக்கினா அது தெரியும். தளர்வே இல்லேன்னா பிளஞ்சர் தூக்கியே நிற்குதுன்னு அர்த்தம்.

கார்ப்கிளீனர்

இதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். லீவரைச் சரி பண்ற கையோட பிளஞ்சரையும் ஒரு பார்வை பாருங்க, 61,000 கி.மீ. ஆன வண்டி. முதல்ல கார்புரேட்டரைச் சுத்தி இருக்கிற மண்ணை பிரஷ்ஷால் தட்டிடுங்க, இல்லேன்னா நேரா ஓட்டைக்குள்ள விழும். கேபிள் வந்து சேர்ற நட்டைக் கழட்டினா பிளஞ்சர், ஸ்பிரிங் எல்லாம் கேபிளோட வெளியே வரும். பல வண்டியில் அந்த நட்டு பிளாஸ்டிக். குறடு போட்டுத் திருகினா விரிசல் விடும். கையால் முறுக்கிட்டு ஸ்பானர்ல கால் சுத்து, அவ்வளவுதான்.

ரப்பர் முனையை போன் வெளிச்சத்தில் சாய்ச்சுப் பாருங்க. மெல்லிசா வட்டக்கோடு இருக்கிறது சாதாரணம். நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளமாயிருந்தா, இல்லே ஒரு பக்கம் பிஞ்சிருந்தா, பிளஞ்சர் மாத்தணும். லீவர் எவ்வளவு நல்லா இருந்தாலும் அது பெட்ரோலை விட்டுக்கிட்டேதான் இருக்கும். பித்தளை உடம்பைத் துணியால் துடைச்சு உலர்ந்தபடியே போடுங்க. கிரீஸ் தடவினா தூசி ஒட்டி பிளஞ்சர் சிக்கிக்கும்.

மாட்டின பிறகு இன்ஜின் நல்லா சூடாகட்டும், ஐடில்ல விட்டு லீவரை இழுங்க. ஆர்.பி.எம். ஏறணும், இல்லே திணறி இறங்கணும், ஏதாவது ஒரு மாற்றம் வரணும். ஆஃப் பண்ணினதும் பழைய நிலைக்கு வரணும். இழுத்தும் ஒரு மாற்றமும் இல்லேன்னா பிளஞ்சர் தூக்கலை, இல்லேன்னா சோக் வழி அடைச்சிருக்கு.

இன்னொரு சந்தேகம். மலைக்குளிரில் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் சோக் கேட்கிறது நியாயம். மத்தியான வெயிலிலும் சோக் இல்லாம எடுக்கலைன்னா, சோக்கை விட்டுட்டு பைலட் ஜெட்டை (ஐடில்ல பெட்ரோல் விடுற சின்ன துளை) பாருங்க. ஓட்டை பாதி அடைச்சிருக்கும்.

நூறுசிசி

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கணும். எனக்கு 100 சிசி வண்டி, லீவர் கார்புரேட்டரிலேயே இருக்கு. அதுவும் லூஸ். குண்டு குழி ரோட்டில் தானா பாதி மூடிக்குது, வண்டி புகை தள்ளி இழுக்க மாட்டேங்குது. இதே வைத்தியம்தானா?

கார்ப்கிளீனர்

இல்லை, உங்களுது வேற ஜாதி. ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளில் லீவர் நேரா ஒரு தண்டைத் திருப்பும், தண்டில் இருக்கிற வட்டத்தகடு காத்து வர்ற வாயை மூடும். அதான் தானா மூடினதும் காத்து குறைஞ்சு கரும்புகை வருது. நல்ல நிலையில் லீவர் ஆன், ஆஃப் ரெண்டு முனையிலும் 'டக்'னு உட்காரும். அந்த டக் இல்லேன்னா லீவரைப் பிடிச்சிருக்கிற பள்ளமும் ஸ்பிரிங்கும் தேஞ்சு போச்சு.

லீவருக்கும் கார்புரேட்டர் உடம்புக்கும் நடுவில் இடைவெளி தெரிஞ்சா, பெட்ரோலுக்குத் தாங்குற சின்ன ஓ-ரிங் ஒண்ணு தண்டில் போட்டா ஆட்டம் நிற்கும். சாதா ரப்பர் ஊறிப் பெருத்துடும்.

ஒரு எச்சரிக்கை. ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழட்டி உள்ளே பார்த்தா அந்தத் தகட்டில் ரெண்டு குட்டி ஸ்க்ரூ தெரியும். பின்பக்கம் நசுக்கி விட்டிருப்பாங்க, தானா கழலக்கூடாதுன்னு. விரல் நுனியால் தகட்டை ஆட்டிப் பாருங்க. தகடு தண்டில் தனியா ஆடினா வண்டியை எடுக்க வேண்டாம். அந்த ஸ்க்ரூ கழண்டா அடுத்து போற இடம் இன்ஜின்தான், வால்வும் பிஸ்டனும் சேர்ந்து போயிடும். கழட்டி மாட்டினா லாக்டைட் (ஸ்க்ரூ கழலாம பிடிக்கிற பசை) ஒரு சொட்டு போட்டு, பின்பக்கம் மறுபடி நசுக்கணும்.

பழையடிவின்

குமிழ் மாதிரி இழுக்கிற சோக் இருக்கிற வெளிநாட்டு வண்டி வைச்சிருக்கிறவங்களுக்கும் ஒரு வரி. பல வண்டியில் குமிழுக்குப் பின்னாடி ஒரு ரப்பர் உறை இருக்கும். அதைப் பின்னால் தள்ளினா பிளாஸ்டிக் நட்டு தெரியும். வலப்பக்கம் திருப்பினா இறுகும், இடப்பக்கம் திருப்பினா தளரும். கால் கால் சுத்தா பாருங்க. எதையும் பிரிக்க வேண்டாம். அங்கேயும் எண்ணெய் கூடாது.

கோத்தகிரி150

வாஷரை வளைச்சு, பாட்டில் துண்டு ஒண்ணு வைச்சேன். லீவர் இப்போ எங்கே விட்டாலும் நிற்குது. காலையில் 6 மணிக்கு முழுசா இழுத்து எடுத்தேன், முக்கால் நிமிஷத்தில் பாதிக்கு இறக்கினேன், நிற்கலை. ரப்பர் முனையில் கோடு மட்டும்தான், பள்ளம் இல்லை.

ஆனா புதுசா ஒண்ணு. ஐடில்ல ஹேண்டிலை முழுசா வலப்பக்கம் திருப்பினா ஆர்.பி.எம். 1,400-லிருந்து 1,900-க்கு ஏறுது. நேரா வைச்சா இறங்கிடுது. லீவரைக் கெடுத்துட்டேனா?

எட்டாம்நம்பர்ஸ்பானர்

லீவர்ல கோளாறு இல்லை, கேபிள் போற வழிதான். இடப்பக்கத்துக் கேபிள், வலப்பக்கம் திருப்பும்போதுதான் அதிகமா நீளும். புதுசு மாத்தினப்போ பழைய வழியில் விடாம ஃபோர்க்குக்கு முன்னாடியோ, வயரிங் கட்டுக்கு வெளியேவோ விட்டிருப்பாங்க. டேங்குக்கு அடியில் டேக் (பிளாஸ்டிக் கட்டு) போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாலும் இதே கதைதான்.

ஆக்சிலரேட்டர் கேபிளையும் ஒரு தடவை பார்த்துடுங்க, அது இழுத்தாலும் இப்படி ஏறும். எதுன்னு கண்டுபிடிக்க, ஹேண்டிலை வலப்பக்கமே வைச்சுக்கிட்டு ஒவ்வொரு கேபிளா கார்புரேட்டர் பக்கம் வெளிக்கூட்டைத் தொட்டுப் பாருங்க. தளர்வே இல்லாம விறைப்பா நிற்கிறதுதான் குற்றவாளி. அதுக்கப்புறம் டேங்கைத் தூக்கி டேக்கை வெட்டி, வளைவு பெருசா வர்ற மாதிரி விடுங்க. ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி, அந்த 2 மில்லிமீட்டர் தளர்வு அப்படியே இருக்கான்னு பார்த்துட்டு ரோட்டுக்கு எடுங்க. கொண்டை ஊசி வளைவில் தானா ரேஸ் ஆனா ஆபத்து.

கோத்தகிரி150

சோக் கேபிள்தான். ஹெட்லைட்டுக்குப் பின்னாடி வயரிங்கோட சேர்த்து டேக் போட்டிருந்தாங்க. வெட்டி விட்டதும் எந்தப் பக்கம் திருப்பினாலும் 1,400-லேயே நிற்குது. சுவிட்ச் செட் வாங்கலை. ஆனது ஸ்பிரிட்டும் ஒரு சோடா பாட்டிலும்தான்.