பேரிழப்புக்குப் பின் பழிவாங்குவது நியாயமாகுமா?

கேள்வி

2002 ஜூலை 1 இரவு, தெற்கு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ரஷ்யப் பயணிகள் விமானமும் டி.எச்.எல். சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். அவர்களில் 52 பேர் குழந்தைகள். பார்சிலோனாவில் வேலை செய்துவந்த கட்டடக் கலைஞர் விட்டாலி கலோயெவ், தம்மிடம் வந்துகொண்டிருந்த மனைவியையும் பத்து வயது மகனையும் நான்கு வயது மகளையும் அந்த ஒரே இரவில் இழந்தார். 2004 பிப்ரவரியில் அவர் சுவிட்சர்லாந்தின் குளோட்டன் நகருக்குச் சென்று, விபத்து நேரத்தில் பணியில் இருந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரை அவருடைய வீட்டு வாசலிலேயே கத்தியால் குத்திக் கொன்றார். இதைக் குற்றம் என்று என் அறிவு சொல்கிறது. ஆனால் நானும் ஒரு தகப்பன் என்பதால், அந்த மனிதரை வெறுக்க என்னால் முடியவில்லை. இத்தகைய இழப்புக்குப் பிறகாவது பழிவாங்குவதை நியாயம் என்று சொல்ல இடமுண்டா?

முதல் மறுமொழி

ஐயா, வெறுக்க முடியாமல் இருப்பது வேறு, நியாயம் என்று ஏற்பது வேறு. இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்துவது காலக்கணக்குதான். ஜெர்மன் புலனாய்வாளர்களின் இறுதி அறிக்கை 2004 மே மாதம், அதாவது கொலை நடந்து ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழித்துத்தான் வெளிவந்தது. அன்றிரவு அந்த வான்பரப்பைக் கவனித்துவந்த சுவிட்சர்லாந்தின் சூரிச் கட்டுப்பாட்டு மையத்தில் உடன் பணியாற்ற வேண்டியவர் ஓய்வுக்குச் சென்றிருந்ததையும், அந்த வழக்கத்தை நிர்வாகம் நெடுங்காலமாகக் கண்டும் காணாமல் விட்டிருந்ததையும், பராமரிப்புப் பணிக்காக முதன்மைத் தொலைபேசி இணைப்பு நிறுத்தப்பட்டிருந்ததால் ஆபத்தைக் கவனித்துவிட்ட ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ கட்டுப்பாட்டு மையத்தினர் எவ்வளவு முயன்றும் சூரிச்சைத் தொடர்புகொள்ள முடியாமல் போனதையும் அது விவரித்தது. ரஷ்ய விமானத்தின் மோதல் எச்சரிக்கைக் கருவி மேலே ஏறச் சொன்னபோது கட்டுப்பாட்டாளர் கீழே இறங்கச் சொன்னார். விமானிகள் அவர் சொல்லைக் கேட்டார்கள். அவர் தவறியது உண்மை. ஆனால் அந்தத் தவறு நிகழும்படி அவரைத் தனியே விட்டவர்கள் பலர். பழி அவர்களில் யாரையும் தொடவில்லை; கைக்கு எட்டியவரை மட்டுமே தொட்டது. அவருக்கும் மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள்.

இரண்டாம் மறுமொழி

அறிக்கை வந்தது சரி. அதன் பிறகு நடந்தது என்ன? 2007-இல் சுவிஸ் நீதிமன்றம், சூரிச் மையத்தை நடத்திய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான ஸ்கைகைட்டைச் சேர்ந்த நால்வரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மூவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை, ஒருவருக்கு அபராதம். 71 உயிர்களுக்காக ஒருவர்கூடச் சிறைக்குள் கால் வைக்கவில்லை. தாம் கேட்டது மன்னிப்பு மட்டுமே என்றும், பிள்ளைகளின் புகைப்படங்களை நீட்டியபோது கட்டுப்பாட்டாளர் தம் கையைத் தட்டிவிட்டார் என்றும் கலோயெவ் கூறினார். அந்த நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டதோ அறிக்கை வெளியான பிறகுதான். கொலையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் சட்டம் இவ்வளவு குறைவாகத் தரும் இடத்தில் பொறுமையைப் போதிக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறேன்.

மூன்றாம் மறுமொழி

மேலே எழுதியவரின் சினம் எனக்குப் புரிகிறது. நிறுவனம் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று தலைகுனிந்திருக்க வேண்டும் என்றே நானும் கருதுகிறேன். கலோயெவின் சொந்த மண்ணான வடக்கு ஒசெத்தியா உட்பட காகசஸ் மலைநாட்டில் இரத்தப்பழி வாங்கும் வழக்கம் இருந்தது என்பதைப் பலரும் சொல்கிறார்கள். அதே மக்களிடம், ஊர்ப் பெரியவர்கள் நடுவர்களாக அமர்ந்து, கொன்றவன் தரப்பை ஈடு கொடுக்கச் செய்து பகையை முடித்துவைக்கும் வழக்கமும் இருந்தது. அதை ஏனோ யாரும் நினைவுகூர்வதில்லை. கலோயெவுக்கு மறுக்கப்பட்டது அந்த இரண்டாவது வழிதான். அதற்கான பொறுப்பு நிறுவனத்தினுடையது. கத்தியை எடுத்த பொறுப்பு அவருடையது. சுவிஸ் நீதிமன்றமும் அவருடைய துயரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. எட்டு ஆண்டுத் தண்டனை மேல்முறையீட்டில் ஐந்தேகால் ஆண்டாகக் குறைந்து, 2007 நவம்பரில் அவர் விடுதலையானார். துயரத்துக்காகத் தண்டனையைக் குறைத்ததை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஊர் திரும்பியவரை வீரராக வரவேற்று, பின்னர் துணை அமைச்சர் பதவியும் கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. தகப்பனை வாசலில் இழந்த அந்த மூன்று பிள்ளைகளும் அந்தச் செய்தியைப் படித்திருப்பார்கள்.