மறு: ‘ஃபிளாப்’ – மடலா, பதியமா?

அனைவருக்கும் வணக்கம்.

தோல்புற்றை வெட்டிய இடத்தை வேறு தோலால் மூடும் அறுவைகளுக்குத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். முழுசாக அறுத்தெடுத்த தோலை வைக்கும் ‘கிராஃப்ட்’டுக்கு ஒட்டு என்று முடிவானதில் எனக்கு மறுப்பில்லை. தன் ரத்த ஓட்டத்தோடு வரும் தோலான ‘ஃபிளாப்’புக்கு, நம் குழுவில் அண்ணாச்சி சொன்ன ‘மடல்’தான் இடிக்கிறது. காதுமடலில் அடிக்கடி தோல்புற்று வருகிறது. அதை வெட்டிய இடத்தை மூடுவதும் மடல் என்றால் படிப்பவர் குழம்புவார். நுரையீரலுக்கும் மடல் உண்டு.

என் பெரியப்பா கல்லிடைக்குறிச்சிப் பக்கம் விவசாயி. மூக்கு நுனியில் ஆறாத புண். பேசல் செல் கார்சினோமா என்ற வகைத் தோல்புற்று. சுற்றியுள்ள நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி, ஓரங்களில் புற்று இல்லை என்று பார்த்த பிறகு, நெற்றித் தோலால் மூடினார்கள். கையில் கொடுத்த தாளில் ‘ஒட்டுத்தோல் வைத்தல்’ என்றிருந்தது. கட்டைப் பிரித்தால் புருவத்திலிருந்து மூக்கு வரை விரல் தடிமனில் ஒரு சதைப்பாலம். ஏதோ தப்பாகிவிட்டதென்று மனுஷர் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

பெரியம்மாதான் உற்றுப் பார்த்துச் சொன்னார்: “பிச்சிக்குப் பதியன் போட்ட மாதிரில்லா இருக்கு.”

அதேதான். ஒட்டு, எடுத்த இடத்திலிருந்து முழுசாக அறுபட்டு வருவது. முதல் சில நாள் புண்ணில் ஊறும் நீரைக் குடித்துத்தான் பிழைக்கும். உறை போன வெறும் எலும்பிலோ குருத்தெலும்பிலோ பிடிக்காது. நெற்றித் தோல் அப்படியல்ல. புருவத்தின் உள்முனை அருகே மேலேறும் ரத்தக்குழாயோடு அதை வளைத்து இறக்குகிறார்கள். பதியத்தில், வளைத்துப் புதைத்த கொடிக்கு வேர்விடும்வரை தாய்க்கொடி ஊட்டுவது போலத்தான். ஏறக்குறைய மூன்று வாரத்தில் மூக்கிலிருந்தே அதற்கு ரத்தம் கிடைத்துவிடும். அப்புறம் பாலத்தை அறுக்கலாம்.

ஆகவே ‘பதியத்தோல்’ என்பது என் முன்மொழிவு. நெற்றித் தோலில் மூக்கு செய்யும் இந்த முறையை 1794இல் லண்டன் இதழ் ஒன்று இந்தியாவில் நடந்ததாகத்தான் வெளியிட்டது. நம் நிலத்து வேலைக்கு நம் நிலத்துச் சொல் இருக்கட்டுமே.

உச்சந்தலையில் பெரிய புற்றை எடுத்தால், தொடைத் தோலை ரத்தக்குழாயோடு அறுத்துவந்து, நுண்ணோக்கி வைத்து இங்குள்ள குழாயோடு தைக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ ஃபிளாப்’ எனும் இதைக் ‘கட்டற்ற மடல்’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. வேரோடு பிடுங்கி நடுவது நாற்று, ‘நாற்றுத்தோல்’ எனலாம்.

கன்னத்துத் தோலைப் பக்கத்திலேயே நகர்த்தி மூடுவதற்குப் பதியம் சரியாகப் பொருந்தவில்லை. அங்கே பிறகு அறுக்கும் கட்டமே கிடையாது. ‘நகர்தோல்’ என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.