எம்மாப் பூட்டு நெரிசல்: கர்னலை மாற்றவா, நிரலைத் திருத்தவா?

நூல்கண்டு:
64 கோர் மெஷின், ஒரே ப்ராசஸ், 200 த்ரெட். சிபியூ பாதி சும்மா கிடக்கிறது. ஆனாலும் சில ரெக்வெஸ்ட்கள் திடீரென்று இழுத்துக்கொண்டே போகின்றன. பெர்ஃப் (வேகம் அளக்கும் கருவி) போட்டுப் பார்த்தால், பேஜ் ஃபால்ட் (தொட்ட முகவரிக்கு இன்னும் நினைவகப் பக்கம் இணையாத நிலை) வந்த த்ரெட்கள் எல்லாம் எம்மாப்_லாக் என்ற கர்னல் பூட்டின் முன்னால் வரிசைகட்டி நிற்கின்றன. லினக்ஸ் கர்னல் 5.15. ஒரு ப்ராசஸின் மொத்த முகவரிப் பரப்புக்கும் ஒரே பூட்டு என்றால் எப்படித் தாங்கும்? 6.4-இல் ஒவ்வொரு விஎம்ஏவுக்கும் (ஒரு தொடர் முகவரித் துண்டு) தனிப் பூட்டு வந்துவிட்டது. அதற்கு மாறினால் தீர்ந்தது என்கிறேன். குழுவில் ஒருவர், "கோளாறு நம் நிரலில்" என்கிறார்.

கல்தச்சன்:
நான் அவர் கட்சி. பேஜ் ஃபால்ட்டுக்கு அந்தப் பூட்டைப் படிப்பவராகத்தான் எடுக்கிறார்கள், எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து எடுக்கலாம். அப்படியும் வரிசை நிற்கிறது என்றால் எழுதுபவர் (பூட்டைத் தனியாக எடுப்பவர்) யாரோ அடிக்கடி வருகிறார். எம்மாப் (கர்னலிடம் முகவரித் துண்டு வாங்குவது), எம்அன்மாப் (அதைத் திருப்பிக் கொடுப்பது) யார் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். தனிப் பூட்டு வந்தாலும் அந்த இரண்டும் பழைய பெரிய பூட்டைத்தான் எடுக்கும்.

நூல்கண்டு:
படிப்பவர்கள் மட்டும் என்றாலும் இலவசம் இல்லையே! பூட்டின் எண்ணிக்கை இருக்கும் அந்த ஒரு கேஷ் லைனை (சிபியூ கேஷின் ஒரு சிறு துண்டு) 64 கோரும் மாறி மாறிப் பிடுங்குகின்றன.

கல்தச்சன்:
அது உண்மை, ஆனால் உங்கள் நோய் அதுவல்ல. அது எப்போதும் ஒரே சீராக மந்தமாக்கும். உங்களுக்கு வருவது திடீர் இழுப்பு. மாலாக் (நிரலுக்கு நினைவகம் ஒதுக்கும் செயல்) அமைப்பைக் காட்டுங்கள்.

நூல்கண்டு:
ஜிலிப்ஸி (லினக்ஸின் வழக்கமான சி நூலகம்) மாலாக்தான். மாலாப்ட்டில் (அதன் அமைப்பை மாற்றும் செயல்) எம்மாப் வரம்பை, அதாவது எந்த அளவுக்கு மேல் எம்மாப் வழியே வாங்க வேண்டும் என்பதை, 128 கேபி என்று வைத்திருக்கிறோம். எப்படியும் அதுதானே இயல்பு மதிப்பு?

கல்தச்சன்:
பிடிபட்டது! இயல்பு மதிப்பு அதுதான், ஆனால் நீங்கள் வைக்காமல் விட்டால் அது நிலையானதல்ல. எம்மாப் வழியே வாங்கிய பெரிய துண்டை ஃப்ரீ செய்ததும் ஜிலிப்ஸி தானே வரம்பை உயர்த்திக்கொள்ளும், 64 பிட்டில் 32 எம்பி வரை. கையால் வைத்த கணமே அந்த வசதி அணைந்துவிடும். அப்புறம் 200 கேபி பஃபர் ஒவ்வொன்றுக்கும் ஒரு எம்மாப், ஒரு எம்அன்மாப்; இரண்டுக்கும் எழுத்துப் பூட்டு. போதாததற்கு எம்அன்மாப் மற்ற கோர்களின் டிஎல்பியையும் (முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் கேஷ்) கழுவச் சொல்லும். அந்த ஒரு வரியைத் தூக்குங்கள்.

வரிசைஎண்:
இடையில் வருகிறேன். கல்தச்சன் சொல்வது சரி, ஆனால் பாதி. கண்காணிப்புக் கருவி ஏதாவது ப்ராக்கில் (கர்னல் தகவலைக் கோப்பாகக் காட்டும் இடம்) ஸ்மாப்ஸ் கோப்பை (விஎம்ஏ வாரியான நினைவகக் கணக்கு) படிக்கிறதா? அது படிப்புப் பூட்டோடு பக்க அட்டவணைகளை நடந்து முடிக்க நேரமாகும். அதற்குள் ஓர் எம்மாப் வந்து காத்திருந்தால், அதன் பின்னால் வரும் படிப்பவர்களும் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வரி மாலாக் திருத்தம் இதை முழுசாக ஒழிக்காது. தனிப் பூட்டு ஒழிக்கும், ஏனென்றால் ஃபால்ட் பெரும்பாலும் அந்த வாசலுக்கே போகாது.

உள்ளே நடப்பதும் அழகானது. எழுதுபவர் தொடும் விஎம்ஏவில் ப்ராசஸின் நடப்பு வரிசை எண்ணைக் குறித்துவிடுகிறார். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் பூட்டியிருக்கிறது என்று பொருள். வேலை முடிந்ததும் ப்ராசஸ் எண்ணை ஒன்று கூட்டினால் போதும், எல்லா விஎம்ஏவும் ஒரே அடியில் திறந்துவிடும். ஃபால்ட்டுக்குப் பூட்டு கிடைக்காவிட்டால் பழைய பாதைக்குத் திரும்பும்.

கல்தச்சன்:
அழகுதான். ஆனால் 6.4 வந்த சில வாரங்களிலேயே அதைத் தற்காலிகமாக அணைத்தார்கள், நினைவிருக்கிறதா? ஃபோர்க் (ப்ராசஸ் தன்னைப் பிரதி எடுப்பது) நடக்கும்போது பெற்றோர் ப்ராசஸின் விஎம்ஏக்களைப் பூட்டாமல் விட்டதில் நினைவகமே கெட்டுப்போனது. ஒரு பெரிய பூட்டு முட்டாள்தான், ஆனால் யோசிக்க எளிது.

வரிசைஎண்:
அந்தப் பிழை அப்போதே திருத்தியாயிற்று. மேலும், முதல் பதிப்பில் அனானிமஸ் (எந்தக் கோப்பும் பின்னால் இல்லாத) பக்கங்களுக்கு மட்டுமே இருந்த வசதி, பிறகு ஸ்வாப்புக்கும் கோப்புப் பக்கங்களுக்கும் விரிந்துவிட்டது. 6.4-லேயே நின்று பேச வேண்டாம்.

நூல்கண்டு:
மாலாப்ட் வரியை நீக்கிப் பார்த்தேன். வரிசை நன்றாகக் குறைந்தது, குழுக்காரரிடம் ஒப்புக்கொண்டேன். ஆனால் ஸ்மாப்ஸ் படிக்கும் நேரத்தில் மட்டும் இன்னும் இழுக்கிறது. கருவி பத்து நொடிக்கு ஒருமுறை படிக்கிறது, இழுப்பும் பத்து நொடிக்கு ஒருமுறை. புதிய கர்னலை முதலில் ஒரு மெஷினில் போடப் போகிறேன்.

கல்தச்சன்:
போடுங்கள். அதற்கு முன், அந்தக் கருவிக்கு ஸ்மாப்ஸ் எதற்கு? மொத்த ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் நினைவகத்தில் உண்மையில் வைத்திருக்கும் அளவு) மட்டும் வேண்டுமென்றால் ப்ராக்கில் உள்ள ஸ்டேட்எம் கோப்பு போதும், அது விஎம்ஏக்களை நடப்பதே இல்லை.