மறு: 'டிவொலூஷன்': வியாழனுக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

ச.ம., ஹாரோ (திங்கள் இரவு)

எல்லோருக்கும் வணக்கம்.

வியாழன் பின்னேரங்களில் பிரித்தானியக் குடியுரிமைத் தேர்வுக்கு ஒரு சின்ன வகுப்பு எடுக்கிறேன். வருவது பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய அம்மாமார். தேர்வு ஆங்கிலத்தில்தான்: 45 நிமிடம், 24 கேள்வி, 18 சரிவர வேண்டும். விளங்காமல் பாடமாக்கினால் கேள்வியில் ஒரு சொல் இடம் மாறினாலே தடுமாறிப் போகிறார்கள். அதனால் ஒரு பக்கத்தில் தமிழ்ச் சொற்பட்டியல் போடுகிறேன். தொகுதி, கொறடா, நிழல் அமைச்சரவை எல்லாம் ஒப்பேறிவிட்டன. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் லண்டன் அதிகாரம் கொடுத்த கதையில் நிற்கிறேன். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர்தான் 'டிவொலூஷன்'.

முதலில் 'அதிகாரப் பகிர்வு' என்று போட்டேன். அடுத்த பந்தியில், வட அயர்லாந்தில் இரு தரப்பும் சேர்ந்தே ஆள வேண்டும் என்ற 1998 உடன்பாட்டு ஏற்பாடு வந்தது. அதற்கும் நாங்கள் சொல்வது அதிகாரப் பகிர்வுதானே? கடைசியில் என் வசனம் இப்படி வந்து நின்றது: "அதிகாரப் பகிர்வு முறிந்ததால் 2022 தொடக்கம் 2024 வரை அதிகாரப் பகிர்வு இயங்கவில்லை." வாசித்துவிட்டு நானே சிரித்தேன். வியாழனுக்குள் உதவுங்கோ.

இரா.வே., மதுரை

அதிகாரப் பரவலாக்கம். 1994 ஊராட்சிச் சட்டம் வந்த நாளிலிருந்து இங்கே மேடைக்கு மேடை சொல்கிறார்கள். இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் தேட வேண்டும்?

பொ.சி., மட்டக்களப்பு

அண்ணன், அது வேறு சாமான். கச்சேரியின் (மாவட்ட அரசு அலுவலகத்தின்) ஒரு கிளையைக் கொண்டுவந்து ஊரில் திறந்தாலும் பரவலாக்கல்தான். முடிவு கொழும்பில் எடுக்கலாம். ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் இருப்பது 129 உறுப்பினர் கொண்ட பாராளுமன்றம். சட்டமே அங்கே இயற்றுகிறார்கள். 1987இல் இலங்கையில் மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தம் வந்ததிலிருந்து இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக் குழப்பித்தான் எங்களுக்கு இந்த நிலைமை. 'அதிகாரக் கையளிப்பு' என்று போடுங்கள் ரீச்சர்.

தி.க., தஞ்சாவூர்

அம்மையீர், அவசரம் வேண்டாம். சொல்லின் வேரைப் பார்ப்போம். இலத்தீனில் 'வொல்வெரே' என்றால் உருட்டுதல். 'தெ' என்றால் கீழ்நோக்கி. மேலிருந்து கீழே உருட்டிவிடுவது. தமிழில் உருள், உருளை, உருண்டை, உருட்டு என எத்தனை வளம்! ஆயினும் 'அதிகார உருட்டல்' என்றால் இக்காலப் பிள்ளைகள் வேறு பொருள் கொள்வார்கள் என்று பெயரன் எச்சரிக்கிறான். விடுவோம்.

தொல்காப்பியர் எச்சவியலில் ஈ, தா, கொடு மூன்றையும் பிரித்து வைத்தார். ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா என்பது ஒப்போன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று. இப்போது கேட்கிறேன்: எடின்பரோ லண்டனிடம் எந்தச் சொல்லால் கேட்டது? ஒப்போனாகக் கேட்டிருந்தால் 'அதிகாரத் தரவு' என்று வரவேண்டும். தரவைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 'கொடை' என்றால் பாரி, ஓரி நினைவு வரும். லண்டனுக்கு அவ்வளவு புகழ் தகாது. எஞ்சுவது ஈ. ஆகவே அதிகார ஈவு.

பி.கு.: பொ.சி. அவர்கள் 'பாராளுமன்றம்' என்கிறார். பார் என்பது உலகம். நாடாளுமன்றம் என்க.

பொ.சி., மட்டக்களப்பு

ஐயா, லண்டனில் இருக்கிற வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றம் ஒரு காலத்தில் பாரைத்தானே ஆண்டது! அந்த மன்றத்துக்காவது எங்கள் சொல்லை விட்டுவிடுங்கள்.

இரா.வே., மதுரை

ஈவா? ஐந்தாம் வகுப்புக் கணக்கில் ஈவு, மீதி என்று படித்தோமே, அதுதான் ஞாபகம் வருகிறது.

தி.க., தஞ்சாவூர்

நன்றாயிற்று! வகுத்தலில் வருவதுதானே ஈவு? ஈவு எடின்பரோவுக்கு, மீதி லண்டனுக்கு. சொல்லுக்குள்ளேயே பாடம் இருக்கிறது.

வி.ந., கார்டிஃப்

ஐயா மன்னிக்க வேண்டும், கணக்கு தலைகீழ். 1998 ஸ்காட்லாந்துச் சட்டம் கொடுத்ததைப் பட்டியல் போடவில்லை, கொடுக்காததைத்தான் போட்டது. வெளியுறவு, பாதுகாப்பு, குடிவரவு என்று லண்டன் தனக்கு ஒதுக்கியதை எழுதிவைத்தது, எழுதாததெல்லாம் எடின்பரோவுக்கு. ஆக மீதிதான் அங்கே போயிற்று. எங்கள் வேல்ஸுக்கு முதலில் கொடுத்ததை எண்ணிக் கொடுத்தார்கள். 2017 சட்டத்துக்குப் பிறகுதான் நாங்களும் மீதிக் கட்சிக்கு வந்தோம். அப்போதும் பொலிஸ் அதிகாரம் வரவில்லை. மாகாண சபைகளின் காணி, பொலிஸ் அதிகாரக் கதை தெரிந்த பொ.சி. அண்ணருக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கும்.

இங்கே மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். லண்டனிலிருந்து வரும் உறவினர் மருந்துச்சீட்டுக்குக் காசை நீட்டுவார்கள். வேல்ஸில் எழுதிய சீட்டுக்கு 2007 முதல் அந்தக் கட்டணம் இல்லை. அக்கா, வகுப்பில் இதைச் சொல்லுங்கள், டக்கென்று பிடிபடும்.

இன்னொன்று. வெல்ஷ் மொழிக்காரர் இலத்தீனைக் கும்பிடவில்லை. அவர்கள் சொல் 'தட்கனோலி'. 'கனோல்' என்றால் நடு. நடுவில் குவிந்ததைக் கலைப்பது. ஆங்கிலச் சொல்லில் மேல்-கீழ் இருக்கிறது. வெல்ஷ் சொல்லில் நடு-ஓரம் இருக்கிறது. நாமும் ஏன் 'நடுவகற்றல்' என்று சொல்லக்கூடாது?

அ.செ., கோலாலம்பூர்

முதலில் 'அதிகாரம்' வடசொல். 'ஆணையீவு' என்க. தலைப்பில் 'டிவொலூஷன்' என்று டகரத்தில் தொடங்கி, நடுவே கிரந்த எழுத்தும் வைத்திருப்பது வருந்தத்தக்கது. உத்திரமேரூரில் பராந்தகன் காலத்திலேயே குடவோலை கண்ட நமக்கு...

ச.ம., ஹாரோ

(உத்திரமேரூர் இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்!) ஐயா, எழுத்ததிகாரம், சொல்லதிகாரம் என்று இலக்கணத்துக்கே தலைப்பு வைத்திருக்கிற சொல்லை என் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னால் எப்படி? 'ஆணையீவு' என்றால் அம்மாமார் ஆனையிறவு என்று கேட்பார்கள். பிறகு பாடம் நடக்காது.

கையளிப்பில் எனக்கு ஒரு தடக்கு. கையளித்தால் கை கழுவினதாகவே படுகிறது. வெஸ்ட்மின்ஸ்டர் இன்னமும் ஸ்காட்லாந்துக்குச் சட்டம் இயற்றலாம் என்று 1998 சட்டத்திலேயே எழுதியிருக்கிறதே?

பொ.சி., மட்டக்களப்பு

எழுதியிருக்கிறது. ஆனால் பொதுசன வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து மக்கள் ஒப்பாமல் அந்தப் பாராளுமன்றத்தைக் கலைத்து இல்லாமலாக்க முடியாது என்று 2016இல் இன்னொன்றும் எழுதினார்கள். ஈவு என்றால் பிச்சை மணக்கிறது, பரவலாக்கல் என்றால் கச்சேரி மணக்கிறது.

வி.ந., கார்டிஃப்

அண்ணை, வட அயர்லாந்தில் 1921 முதல் இருந்த பாராளுமன்றத்தை 1972இல் லண்டன் நிறுத்தி நேரடி ஆட்சி கொண்டுவந்ததே. எழுத்து எவ்வளவு தூரம் காக்கும்?

ச.ம., ஹாரோ (வெள்ளி காலை)

வகுப்பு முடிந்தது. நேரம் இல்லாதபடியால் பலகையில் இரண்டு வரி எழுதினேன்: டிவொலூஷன் = அதிகாரப் பரவலாக்கல்; வட அயர்லாந்தில் சேர்ந்து ஆள்வது = அதிகாரப் பகிர்வு. இரண்டும் கேட்டுப் பழகின சொற்கள், ஒன்றோடொன்று மோதவும் இல்லை. மருந்துச்சீட்டுக் கதை நன்றாக வேலை செய்தது, நன்றி தம்பி. ஒரு அம்மா மட்டும், "அப்ப இது மகனுக்கு அடுப்பு வேற, வீட்டு உறுதி அப்பு பேரில, அதுதானே பிள்ளை?" என்றா. உடனே காணி, பொலிஸ் என்று தொடங்கி, கடைசி இருபது நிமிடம் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது. மேலவைப் பாடம் அடுத்த கிழமைக்குத்தான்.

எண்ணிப் பார்த்தேன். பரவலாக்கலுக்கு மூன்று பேர் (இருவர் களைத்துப்போய்), கையளிப்புக்கு ஒருவர், ஈவுக்கு ஒருவர், ஆணையீவுக்கு ஒருவர். மூன்றுக்கு மூன்று. வகுப்பு என்னுடையது என்பதால் முடிவு பரவலாக்கலுக்கு.

பொ.சி., மட்டக்களப்பு

1979இல் ஸ்காட்லாந்துக்குத் தனி மன்றம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் ஆம் என்றவர்கள் 51.6 விழுக்காடு. மொத்த வாக்காளரில் 40 விழுக்காடு வேண்டும் என்ற நிபந்தனையால் அது போயிற்று. இந்தக் குழுவில் எத்தனை நூறு பேர்? உங்கள் மூன்று பேர் எந்த மூலைக்கு?

வி.ந., கார்டிஃப்

1997இல் அதே மாதிரி வாக்கெடுப்பில் வேல்ஸ் 50.3 விழுக்காட்டில் தாண்டியது, 6,721 வாக்கு வித்தியாசம். நாங்கள் சமாளிக்கவில்லையா அண்ணை? பரவலாக்கல் போதும்.

தி.க., தஞ்சாவூர்

பட்டியல் அச்சாகும்போது அடியில் சிறு எழுத்திலாவது 'அதிகார ஈவு எனவும் வழங்கலாம்' என்று சேர்க்க வேண்டுகிறேன். அந்த அம்மையார் சொன்ன 'உறுதி', பத்திரம்தானே? எங்கள் பக்கம் அந்தப் பொருளில் இல்லை. உறு என்னும் வேர் குறித்துத் தனி இழையில் எழுதுகிறேன்.